பூசணிக்காய்க்கு நின்ற கார்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கார் பூசணிக்காய்க்கு மரியாதை செய்ததை என் கண்ணால் பார்த்தேன்.

டென்மார்க்கில் இக்காஸ்ட்டுக்குப் பக்கத்தில், எங்கள் கோயிலின் கார் நிறுத்துமிடம். பரமேஸ் அண்ணையின் மகள் தர்சினி புதுக் கார் வாங்கியிருந்தாள். ஆபத்து வந்தால் தானே பிரேக் பிடிக்கும், தானே பாதையில் போகும் ரகம். அதற்காக நம் ஆட்கள் விடுவார்களா? எத்தனை கம்ப்யூட்டர் இருந்தாலும் சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சை, அதுதான் எங்கள் தேசிக்காய், வேண்டுமே!

திருஷ்டி கழிக்கிற சாம்பல் நிற நீத்துப்பூசணிக்கு இந்த ஊரில் எங்கே போவது? சூப்பர்மார்க்கெட்டின் செம்மஞ்சள் பூசணிதான் வந்தது. ஐயர் அதைச் சுற்றி, காருக்கு முன்னால் வைத்தார். எடுக்க மறந்துவிட்டார்.

"மெல்ல முன்னுக்கு விடு பிள்ளை" என்றார்.

தர்சினி விட்டாள். கார் ஒரு அசைவு அசைந்து, டக்கென்று நின்றுவிட்டது. சிவப்பு விளக்கு, கீச்சுச் சத்தம்… தேசிக்காய்க்கு ஒரு கீறல்கூட இல்லை.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பரமேஸ் அண்ணை மட்டும் சிரிக்கவில்லை.

காரணம் இருக்கிறது. முந்தின குளிர்காலத்தில் விபோர்க் போகிற தெருவில், அவர் கார் ஓட்டிக்கொண்டிருந்தபோது குறுக்கே ஒரு மான் பாய்ந்தது. மிருகம் வந்தால் திருப்பாதே, நேராகப் பிரேக் பிடி — இங்கே லைசென்ஸ் எடுத்த எல்லோருக்கும் தெரிந்த பாடம். அண்ணைக்கும் தெரியும். ஆனால் கை கேட்கவில்லை, திருப்பிவிட்டது. கார் பள்ளத்தில். மான் காட்டுக்குள். பக்கத்தில் இருந்த அவர் மனைவி மலர் அக்காவின் கணுக்கால் நொறுங்கியது. அக்கா இன்றைக்கும் சாய்ந்துதான் நடக்கிறார்.

'மானைக் காப்பாற்றி மனுசியை முடமாக்கினவர்' என்று நம் சனம் பேசியது. நம் வாய்க்குப் பிரேக் ஏது? அன்றிலிருந்து அண்ணை ஸ்டியரிங்கைத் தொடவில்லை. முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் அக்கா, அந்தக் காலோடு குளிரில் பஸ்ஸுக்கு நிற்கிறார். அப்பாவை மறுபடி ஓட்டவைக்கத்தான் தர்சினி இந்தக் காரையே வாங்கியிருக்கிறாள்.

"நீங்க ஏறுங்கோ அப்பா. இது உங்களைவிடக் கெதியா முடிவெடுக்கும்."

"என்ன முடிவு? பூசணிக்காயையும் மனுசரையும் பிரிச்சு அறியத் தெரியேல்லை…" என்றவர், கொஞ்சம் நிறுத்திக் கேட்டார். "சரி, ஒரு பிள்ளை குறுக்க ஓடி வருது. பிரேக் பிடிச்சாலும் காணாது. திருப்பினால் மரம். உள்ளுக்கை அம்மா இருக்கிறா. இது ஆரைக் காப்பாத்தும்?"

மென்பொருள் படித்த பெண். ஏதோ டேனிஷில் தொடங்கினாள், பாதியில் விட்டாள். "தெரியேல்லை அப்பா. முழுக்கத் தானே ஓடுற கார் வந்தால், அதை ஆரோ முதலே எழுதிவைக்க வேணும்."

யோசித்தால் பயமாகத்தான் இருக்கிறது. இயந்திரம் குடிக்காது, தூங்காது, போனை நோண்டாது. எத்தனையோ உயிரைக் காப்பாற்றலாம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அண்ணைக்குக் கிடைத்தது கண் இமைக்கும் நேரம்தான். அதனால்தான் அவரை மன்னிக்க முடிகிறது. காரில் அதை எழுதப் போகிறவர், ஆற அமர கோப்பி குடித்துக்கொண்டே யார் சாகலாம் என்று முடிவெடுப்பார். அவரை யார் மன்னிப்பது?

மலர் அக்கா காரைப் பிடித்துக்கொண்டு முன்னுக்கு வந்தார்.

"இஞ்சை பாருங்கோ. அந்த மானை நானும் கண்டனான். நான் காரை ஓடியிருந்தாலும் திருப்பித்தான் இருப்பன். நீங்களும் கேக்கேல்லை… நானும் இவ்வளவு நாளும் சொல்லேல்லை."

அண்ணை அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தார்.

"நாளைக்கு எனக்குக் காலமை வேலை" என்றார் அக்கா. "பஸ்ஸிலை போக ஏலாது. ஏறுங்கோ."

தர்சினி இறங்கினாள். அண்ணை ஏறினார். அக்கா சுற்றிவந்து, பழையபடி அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டார்.

"முதல்லை அந்தப் பூசணிக்காயை எடுங்கோ ஐயா!" என்று கத்தினார் அண்ணை. ஐயர் ஓடிப்போய் எடுத்தார். தேசிக்காய்கள் நசுங்கின. நாங்கள் கை தட்டினோம்.

கார் மெல்லப் போய், வாசலில் மறுபடி நின்றது. தெரு வெறுமையாக இருந்தது. சிவப்பு விளக்கும் இல்லை, கீச்சுச் சத்தமும் இல்லை.

இந்த முறை பிரேக் பிடித்தது கார் இல்லை… அண்ணை!