ஊத்தங்கரையிலிருந்து சிவாஜிநகர் வரை: கயிற்றில் கட்டி இழுத்துவந்த கார்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓடாத என் காரை ஒரு பிக்கப் வண்டியின் பின்னால் கட்டி, ஊத்தங்கரையிலிருந்து பெங்களூரு சிவாஜிநகர் வரை 143 கிலோமீட்டர் இழுத்து வந்தோம். "உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை" என்று கேட்காதவர்கள் குறைவு. முதலில் அதற்கே பதில் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வருடங்களுக்கு முன் நடந்த பைக் விபத்தில் என் வலது பாதம் செயலிழந்துவிட்டது. பிரேக்கை மிதிக்க முடியாது. சிவாஜிநகரில் பட்டறை வைத்திருக்கும் ஒரு பாய், என் பழைய ஆட்டோமேட்டிக் காரில் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு கை லீவர் பொருத்திக் கொடுத்தார். முன்னால் தள்ளினால் பிரேக், இழுத்தால் ஆக்ஸிலேட்டர். என் கையை அளந்து செய்தது. ஆர்டிஓ சோதனை முடிந்து உரிமத்திலும் பதிந்தாயிற்று. வீட்டிலேயே உட்கார்ந்து வேலை பார்த்து அலுத்துப்போயிருந்த நான், திங்கட்கிழமை எலக்ட்ரானிக் சிட்டி அலுவலகத்துக்கு நானே ஓட்டிக்கொண்டு வருகிறேன் என்று மேலாளரிடம் சொல்லியிருந்தேன். கேப் அனுப்பட்டுமா என்று அவர் மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் வேண்டாம் என்றேன். வீம்புதான், ஒத்துக்கொள்கிறேன்.

அதற்கு முந்தைய சனிக்கிழமை, ஊத்தங்கரையில் என் சகலை வீட்டுக் கிரகப்பிரவேசம். பெங்களூரு ஈஜிபுராவில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து நானும் மனைவி கவிதாவும் போனோம். 135 கிலோமீட்டர், மூன்றே கால் மணி நேரம், முழுக்க நானே ஓட்டினேன். மாலையில் கிளம்பலாம் என்று சாவியைத் திருப்பினால் இன்ஜின் சுற்றுகிறது, பற்றவில்லை. உள்ளூர் மெக்கானிக் வந்து பார்த்தார். "பம்பா இருக்கும், இல்ல கம்ப்யூட்டரா இருக்கும். புதன்கிழமை வரைக்கும் விட்டுட்டுப் போங்க. மொதல்ல இந்த லீவரைக் கழட்டணும்" என்றார். லீவரைத் தொடவேண்டாம் என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டேன்.

சகலை பக்கத்தில் வந்து தோளில் கை வைத்தார். "அண்ணே, இதை இங்கயே வித்துடுங்க. ஒரு டிரைவர் வச்சுக்கிட்டா நிம்மதியாப் போயிட்டு வரலாம். உங்களுக்கு ஏன் இந்த ரிஸ்க்?" நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்குத்தான் சுர்ரென்று ஏறியது. இந்த வண்டி நாளைக்கே பெங்களூரு போகும் என்று சொல்லிவிட்டேன். எப்படிப் போகும் என்று அப்போது எனக்கே தெரியாது.

வண்டி ஏற்றிச் செல்லும் லாரிக்குக் கேட்டால் 16,000 ரூபாய், அதுவும் திங்கள் மதியம்தான் வருவார்களாம். ஈஜிபுராவில் எங்கள் தெருவில் தண்ணீர் கேன் போடும் நாகராஜுக்குப் போன் செய்தேன். சிவாஜிநகரில் பிறந்து வளர்ந்த தமிழர். வீட்டில் தமிழ், வெளியே நாள் முழுக்கக் கன்னடம். "நாளைக்கு லோடு இல்ல சார். டீசல் போட்டுக் குடுத்துடுங்க, விடியறப்போ அங்க இருப்பேன்" என்றார். சொன்னபடியே ஐந்தரைக்குப் பிக்கப்போடு வந்து நின்றார்.

ஐந்து மீட்டர் நைலான் கயிறு 450 ரூபாய்க்கு வாங்கி வைத்திருந்தேன். கவிதா ஒரு அட்டையில் 'இழுத்துச் செல்லப்படும் வண்டி' என்று பெரிதாக எழுதிப் பின்கண்ணாடியில் ஒட்டினாள். ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள்: இன்ஜின் ஓடாத காரில் பிரேக் கல்லாக இருக்கும், ஸ்டியரிங்கும் கனக்கும். அதனால் எங்கே பிரேக் போடவேண்டும் என்று முன்கூட்டியே சொல்ல, நாகராஜ் போனில் இருந்தபடியே ஓட்டுவது என்று ஏற்பாடு. போன் கவிதாவின் கையில், ஸ்பீக்கரில். காலை 6.10க்குக் கிளம்பினோம். சகலை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கிருஷ்ணகிரி வரை 48 கிலோமீட்டர், இரண்டேகால் மணி நேரம். 25 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டவில்லை. "பிரேக் பிடிங்க சார்", "விடுங்க சார்" என்று நாகராஜ் சொல்லச் சொல்ல நான் செய்தேன். கிருஷ்ணகிரியில் மூன்று பேருக்கும் இட்லி, வடை, டீ 210 ரூபாய். எனக்குத் தலைகால் புரியவில்லை, இவ்வளவு சுலபமா என்று.

சூளகிரிக்கு முன்னால் சாலை வேலை. ஏற்றத்தில் எல்லா வண்டிகளும் நின்றன. பிக்கப்புக்குப் பக்கத்தில் நின்ற கர்நாடக லாரிக்காரர், எங்களால்தான் நெரிசல் என்று சத்தம் போட்டார். நாகராஜ் கன்னடத்தில் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது எங்களுக்குப் போனில் கேட்டது. அதற்குள் வழி திறந்தது. பிக்கப் நகர்ந்தது, கயிறு விறைத்தது.

"பிரேக் பிடி சார், பிரேக் பிடி" என்றார் நாகராஜ்.

பிடித்தேன்.

"பிடி சார், பிடி, பிடி."

இரண்டு கையாலும் லீவரைத் தள்ளிப் பிடித்தேன். கவிதாவும் போனை மடியில் போட்டுவிட்டு என் கைமேல் கை வைத்து அழுத்தினாள். படாரென்று கயிறு அறுந்து பிக்கப்பின் பின்கதவில் அடித்தது. நாங்கள் பிரேக்கை விடாததால் கார் ஏற்றத்தில் அப்படியே நின்றது.

நாகராஜ் இறங்கி ஓடி வந்தார். "பிடி பிடின்னு தொண்டை கிழியக் கத்தறேன், நீங்க அமுக்கிக்கினே இருக்கீங்களே சார்?"

"பிடின்னா பிடிக்காம என்ன பண்றது?"

"பிடின்னா விடுங்க சார்."

இருவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நின்றோம். கவிதாதான் முதலில் சிரித்தாள். "அவர் கன்னடத்துல சொல்லியிருக்காருங்க. அங்க பிடின்னா விடுங்கன்னு அர்த்தம்."

எழுதினால் இரண்டும் ஒன்றுதான். கன்னடத்தில் முதல் எழுத்தை, 'பஸ்' என்பதில் வருவதுபோல், அழுத்திச் சொல்வார்கள். போனின் இரைச்சலில் அது யாருக்குக் கேட்கும்? காலையிலிருந்து 'பிடிங்க' என்றவர் திடீரென்று 'பிடி' என்றதும், மரியாதை குறைகிறதே என்றுகூட எனக்குத் தோன்றியது. கன்னடத்தில் அதுதான் மரியாதையாம். "நான் மரியாதையாத்தான் சார் சொன்னேன்" என்று நாகராஜ் உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

இனி பிடியும் வேண்டாம் விடுவும் வேண்டாம் என்று முடிவு செய்தோம். "நில்லு எங்க போனாலும் நில்லுதான்" என்றாள் கவிதா. தமிழிலும் கன்னடத்திலும் ஒரே பொருள். பிரேக் போட 'நில்லு', விட 'ஓகே'. அறுந்த கயிற்றுக்குப் பதிலாக, சற்றுமுன் எங்களைத் திட்டிய அதே லாரிக்காரர் சரக்குக் கட்டும் தடித்த நாடா ஒன்றைத் தூக்கிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. என் லீவரை எட்டிப் பார்த்து நாகராஜிடம் ஏதோ கேட்டுவிட்டு, எனக்கு ஒரு சல்யூட் வைத்துவிட்டுப் போனார்.

ஓசூரைத் தாண்டும்போது 11.40. கர்நாடக எல்லையான அத்திப்பள்ளியில் கவிதாவின் அட்டையில் நாகராஜ் கன்னடத்திலும் எழுதிச் சேர்த்தார். நிஜமான சோதனை சந்தாபுராவில் வந்தது. நிறுத்தத்திலிருந்து கிளம்பிய பேருந்து ஒன்று பிக்கப்பின் மூக்கருகே திரும்பியது. "நில்லு" என்ற ஒரே சொல்தான் வந்தது. நான் யோசிக்கவே இல்லை. கை தானாகத் தள்ளியது. பிக்கப்புக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு முழம் இருந்தது. "சூப்பர் சார்" என்றார் நாகராஜ் போனில். இரண்டு வருடங்களில் என் கையும் காலும் சேர்ந்து வாங்கிய முதல் பாராட்டு அது. கண் கலங்கிவிட்டது, அதைக் கவிதாவும் பார்த்துவிட்டாள்.

மதியம் 2.25க்குச் சிவாஜிநகர். பாயின் பட்டறைக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை, ஞாயிறு திறந்திருக்கும். "க்யா சார், அவ்ளோ தூரத்துலேந்து கட்டி இழுத்துக்கினா வந்தீங்க?" என்று கேட்டவர், ஸ்கேனரைச் செருகினார். இன்ஜின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் போயிருந்தது. விலை 1,150, கூலி 300, நேரம் நாற்பது நிமிடம். லீவரைத் தொடக்கூட இல்லை. இன்ஜின் பற்றிய சத்தத்தைப் பதிவு செய்து சகலைக்கு அனுப்பினேன். அற்பச் சந்தோஷம்தான், ஆனால் ரொம்ப இனித்தது.

இப்படிக் கிளம்ப நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். பணம் கட்டுப்படியானால் லாரியில் ஏற்றுவதே நல்லது. ஆட்டோமேட்டிக் கார் என்றால் கிளம்புமுன் மெக்கானிக்கைக் கேளுங்கள், சில கியர்பாக்ஸ்கள் இழுத்தால் கெட்டுவிடும். இழுத்துத்தான் ஆகவேண்டுமென்றால் பகலில் மட்டும், 25க்கு மேல் வேண்டாம், மேம்பாலத்தை விட்டுக் கீழ்ச் சாலையில் வாருங்கள். சாவி ஆனில் இருக்கட்டும், இல்லையென்றால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். சுங்கச்சாவடியில் முன்வண்டி போனதும் தடுப்புக் கம்பி கயிற்றின்மேல் இறங்கப் பார்க்கும், ஊழியரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். மாற்றுக் கயிறு ஒன்று கட்டாயம். எல்லாவற்றுக்கும் முதலில், இரண்டு டிரைவர்களும் எந்த மொழியில் பேசப்போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். டீசலும் சாப்பாடும் சுங்கமும் ரிப்பேரும் சேர்த்து எனக்கு 5,900 ரூபாய் ஆனது.

திங்கள் காலை 8.50க்கு அலுவலக வாசலில் காரை நிறுத்தி, கைத்தடியோடு இறங்கினேன். புதிய காவலாளி ஓடி வந்து கதவைப் பிடித்துக்கொண்டார். "நீங்க மேல போங்க சார். வண்டிய பேஸ்மெண்ட்ல விடணும், உங்க டிரைவர் எங்க?"

"நான்தாங்க டிரைவர்" என்றேன். மறுபடி உள்ளே உட்கார்ந்து, நானே கொண்டுபோய் நிறுத்தினேன்.