இந்திய நிலையம் தெளிவாகக் கேட்டது

இலங்கையின் வில்கமுவவில் பகலில் இந்திய நிலையங்கள் என் ரேடியோவில் எடுபடாது. இருட்டினால் வரும். கூடவே யானை வேலியின் மின்சாரமும் 'டக், டக்' என்று குறுக்கே அடிக்கும்.

நேற்று இருட்டியபோது அந்த 'டக், டக்' இல்லை. வேலிப் பொறுப்பாளருக்கு ஃபோன் எடுத்தேன்.

"அண்ணே, வேலியில கரண்ட் இல்ல போல. ரேடியோ தெளிவா கேக்குது."

சிரித்தார். "தெளிவா கேட்டா பாட்டு கேளுங்க டீச்சர். வேலிய நாங்க பாத்துக்குறோம்."

விடிந்தபோது பக்கத்து வீட்டு பண்டார அண்ணனின் வயலில் யானைகள் நின்றன. அறுவடைக்கு ஆள் சொல்லி வைத்திருந்த வயல். மிஞ்சியது மிதிபட்ட நெல் தாள்கள்தான்.

சற்றுமுன் வேலியைத் திருத்திவிட்டுப் பொறுப்பாளர் என் வாசலுக்கே வந்தார். "டீச்சர், அந்த ரேடியோவ கொஞ்சம் போடுங்க. டக் டக் வருதான்னு பாப்போம்."

ஒரு வயல் போனதும் என் ரேடியோவுக்கு ஒரு நேயர் கிடைத்திருக்கிறார். வாழ்த்த விரும்புகிறவர்கள் கீழே வாழ்த்தலாம்.