மூங்கிலில் தொங்காத தூக்கு

என் வீட்டுக்காரர் பெரிய கம்பி இழுக்கிற வேலையில் இருந்தார். பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் பக்கத்தில், பங்சாரில் மின்சார நிலையம் எழும்பியிருந்த காலம். அங்கிருந்து ஈயச் சுரங்கங்களுக்கும் கிள்ளான் பக்கத்துக்கும் கம்பி கொண்டுபோனார்கள். ரப்பர் மரங்களை வெட்டி வழி எடுத்து, இரும்புக் கோபுரம் நிறுத்தி, அதன் கைகளில் கரண்ட் இறங்காத பீங்கான்களைத் தொங்கவிட்டுக் கம்பியைக் கட்டுவார்கள். எங்கள் வரிசை வீடுகளில் அப்போதும் மண்ணெண்ணெய் விளக்குதான். ஊருக்கெல்லாம் கரண்ட் கொண்டுபோகிறவன் வீட்டில் சிம்னி துடைத்தே என் விரல் கறுத்துவிட்டது என்று அவரைக் கேலி செய்வேன்.

அந்தக் கூட்டத்தை மேய்க்கிற மண்டோர் என் அண்ணன். எங்கள் கல்யாணத்தைப் பேசி முடித்ததும் அவர்தான். இழுத்து முடித்த கம்பியில் கரண்ட் ஓடும். மறுபடி அதில் கைவைக்க வேண்டுமானால் அண்ணன் லோரி போகிற சடக்கு ஓரத்து ஷெட்டிலிருந்து நிலையத்துக்குப் போன் செய்து அணைக்கச் சொல்வார். வேலை முடிந்து எல்லோரும் இறங்கிய பிறகு, போடலாம் என்று சொல்வதும் அவர்தான்.

எல்லோரும் இறங்கிவிட்டார்களா என்று பார்க்க, துரை ஆளுக்கொரு எண் போட்ட தகடு கொடுத்திருந்தார். ஏறும்போது மண்டோரிடம் கொடுத்து, இறங்கினதும் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரே மாதத்தில் பாதித் தகடு சேற்றிலும் பாதித் தகடு கள்ளுக்கடையிலும் போயிற்று. அண்ணன் தானே ஒரு வழி கண்டுபிடித்தார். ஷெட் வாசலில் குறுக்காக ஒரு மூங்கில். ஏறப்போகிறவன் தன் சோற்றுத் தூக்கை அதில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். இறங்கி வந்தால்தான் அதைத் தொடலாம். மூங்கில் காலியானால் கோபுரமும் காலி.

"தகட்ட மறப்பான், பொண்டாட்டிய மறப்பான், சோத்த மறக்கிற தமிழன் எந்த ஊர்ல இருக்கான்?" என்பார் அண்ணன். துரையும் சிரித்துவிட்டு விட்டுவிட்டார். அந்த மூங்கில் ஒரு நாளும் தப்புச் சொன்னதில்லை.

எங்களுக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம் குழந்தை இல்லை. குழாயடியில் தண்ணீர் பிடிக்கப் போனால், அரச மரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாளாம் என்று என் காதுபடவே பேசுவார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அந்த வருஷம் கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் நான் விரதம் இருந்தேன். கடைசி நாள் மட்டுமாவது அவரும் என்னோடு பட்டினி கிடக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். வெயிலில் கம்பி ஏறுகிற மனிதர். முகம் சுளிக்காமல் சரி என்றார்.

அன்று காலை சட்டையை மாட்டிக்கொண்டு அடுப்படிக்கு வந்தார்.

"வெறும் தூக்கயாவது குடு புள்ள. மூங்கில்ல மாட்டணும்."

"வெறும் சட்டியத் தூக்கிக்கிட்டு வாசப்படி தாண்டுவாங்களா? அதுவும் விரத நாள்ல? வெளங்கிரும்."

"அப்ப ரெண்டு பருக்க போட்டுக் குடேன்."

"விரதம் இருக்கறவருக்குச் சோறு கட்டச் சொல்றீங்களே. போங்க, அண்ணங்கிட்ட வாயால சொல்லிக்குங்க."

தூக்கு ஆணியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. கை நீட்டினால் எட்டும். அவர் அதை ஒரு தடவை பார்த்தார். என் மனசு நோகக்கூடாது என்று எடுக்காமலே போனார். கொஞ்சம் என்னை அதட்டத் தெரிந்த மனிதராக இருந்திருக்கக் கூடாதா என்று எத்தனையோ நாள் அவர்மேல் கோபப்பட்டிருக்கிறேன்.

மதியத்துக்குள் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. ஐப்பசி மழை எங்கள் ஊரில் சொல்லிக்கொண்டு வராது. இடி இடித்ததும் ஆட்கள் மளமளவென்று இறங்கி, ஆளுக்கொரு தூக்கைப் பிடுங்கிக்கொண்டு ஷெட்டுக்குள் ஓடினார்கள். என் வீட்டுக்காரர் மூன்று கோபுரம் தள்ளி, ரப்பர்த் தோட்டத்தின் வளைவுக்கு அப்பால் இருந்தார். ஷெட்டிலிருந்து பார்த்தால் தெரியாது. ஒரு பீங்கான் மாட்டப் பாக்கி இருந்ததாம். அதை முடித்துவிட்டு இறங்கலாம் என்று இருந்திருப்பார். அண்ணன் மூங்கிலைப் பார்த்தார். காலி. போனை எடுத்தார்.

என் வீட்டுக்காரரை லோரியில் கொண்டுவந்தார்கள். நான் பாலும் பழமும் வைத்து, மாலைப் பூசைக்குக் குளித்துவிட்டு ஈரத் தலையோடு நின்றேன். அண்ணன் உள்ளே வரவில்லை. வாசலில் மழையில் உட்கார்ந்து, "மூங்கி காலியா இருந்துச்சு ஆத்தா... மூங்கி காலியா இருந்துச்சு" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

பதினாறாம் நாள் காரியத்தில், உறவெல்லாம் கூடியிருக்கும்போது, "ஆள எண்ணத் துப்பில்லாத நீயெல்லாம் ஒரு மண்டோரா? எம் புருசன நீதான் கொன்ன" என்று அவரைக் கேட்டேன். தூக்கைக் கொடுக்க மறுத்த கையை நீட்டித்தான் கேட்டேன். அவர் தலை நிமிரவில்லை. காலையில் அடுப்படியில் நடந்தது எனக்கும் செத்தவருக்கும் மட்டுமே தெரியும் என்ற தைரியம் எனக்கு. அதைச் சொல்லிவிட்டால் நான் நிற்க இடமில்லை என்ற பயமும் இருந்தது.

அண்ணனை மண்டோர் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதன்பின் கல் உடைத்தார், புல் வெட்டினார். கிடைத்த காசில் எனக்கு அரிசி வாங்கி வாசலில் வைத்துவிட்டுப் போவார். நான் உள்ளேயே இருந்துகொள்வேன். இரண்டு வருஷம் இப்படி. கடைசியில் அந்த வேலையும் போய், ஊருக்கே கப்பலேறப் போகிறேன் என்று சொல்லியனுப்பினார்.

அவருக்குப் புளிச்சோறு கட்டினேன். வீட்டில் இருந்த தூக்கு ஒன்றுதான். அதிலேயே கட்டினேன்.

வழியனுப்ப நானும் கூடப் போனேன்; கிள்ளான் வழியாகப் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்துக்குப் போகும் ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்தோம். ஓரிடத்தில் தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே கோபுரங்கள் வந்தன. ஒன்று, இரண்டு, மூன்று. அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"அண்ணே, அன்னைக்கு அவரு தூக்கு கேட்டாரு. வெறும் தூக்கு. நாந்தான் குடுக்கல."

அவர் ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரியும் ஆத்தா."

"எப்படிண்ணே?" என்றேன்.

"காலையில வந்ததும் சொன்னாப்புல. 'மச்சான், ஒங்க தங்கச்சி வெறும் தூக்கு தரமாட்டேன்னுட்டா, இன்னைக்கு என்னைய மனசுல வச்சு எண்ணிக்குங்க'ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாப்புல. சரின்னுதான் சொன்னேன். மழ வந்துச்சு. மறந்துட்டேன்."

"நான் அத்தன பேர் முன்னால ஒன்னக் கேட்டப்ப ஏண்ணே சொல்லல?"

"என்னன்னு சொல்ல? தூக்கு குடுக்காம அனுப்பிட்டாளாம்னு ஊரே ஒன்னப் பேசும். நா ஒருத்தன் பேச்சு வாங்குனாப் போதாதா?"

துறைமுகத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்து புளிச்சோற்றைச் சாப்பிட்டார். ஒரு பருக்கை விடவில்லை. தூக்கைக் கழுவி என் கையில் கொடுத்துவிட்டுக் கூட்டத்தோடு நடந்தார். கும்பிட்டு விழலாம் என்று ஓடினேன்; அதற்குள் தடுப்புக் கம்பியைத் தாண்டிப் போய்விட்டார். அப்புறம் அவரை நான் பார்க்கவில்லை.

மறுநாள் காலை தூக்கை ஆணியிலிருந்து எடுத்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. அதைக் கையில் பிடித்துக்கொண்டு வாசற்படியைத் தாண்டினேன். எதிர்வீட்டுப் பெண்பிள்ளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். சடக்கு வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். மறுபடியும் போனேன்.

ஒன்றும் ஆகவில்லை.