புதுச்சத்திரத்தில் நிழல் தொலைந்த நண்பகல்

சேலத்து ஏப்ரல் வெயிலில் ஊரே நிழலைத் தேடி ஓடும். நான் மட்டும் நிழலே இல்லாத ஒரு நிமிடத்தைப் பார்க்க, மனைவி சுதாவையும் நாலு வயது மகள் யாழினியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். ஏப்ரல் 20, ஞாயிற்றுக்கிழமை. பைத்தியமா என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது.

பொங்கலுக்குச் சொந்தக்காரர்கள் எங்கள் வீட்டில் கூடும்போது உலகப் புவியியலில் வினாடி வினா நடத்துவது என் வேலை. இந்த வருடம் கடைசிக் கேள்வியாக, "நம்ம ஊர்ல வருசத்துக்கு எத்தனை நாள் மத்தியானம் நிழல் இல்லாமப் போகும்?" என்று கேட்டேன். சுதாவின் அண்ணன் குமரவேல் எழுந்து, "தெனமுந்தானுங்க, பன்னண்டு மணிக்கு" என்றார். தவறு, இரண்டே நாள்தான் என்றேன். ஒரு மதிப்பெண்ணில் அவர் அணி கோப்பையைத் தவறவிட்டது. மச்சான் சொந்தமாக போர்வெல் ரிக் லாரி வைத்திருப்பவர். "இருவது வருசமா வெயில்லயே நிக்கறேன். எனக்கே நெழலப் பத்திப் பாடமுங்களா?" என்று கை நனைக்காமல் கிளம்பியவர், அதற்குப்பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இதில் மாட்டிக்கொண்டது யாழினியின் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். வேறு மடி செல்லாது. நாள் குறிக்கலாமா என்று சுதா கேட்கும்போதெல்லாம் "பாக்கலாம்" என்று போனை வைத்துவிடுகிறார். அவள் அழாத குறை. மச்சானுக்கு அந்த நிழலற்ற நிமிடத்தைக் கண்ணால் காட்டிவிடுவது என்று முடிவு செய்தேன்.

விஷயம் தெரியாதவர்களுக்கு: கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் இடைப்பட்ட ஊர்களில்தான் சூரியன் வருடத்தில் இரண்டு நாள் நேர் உச்சிக்கு வரும். டெல்லிக்காரர் தலைகீழாக நின்றாலும் அவர் ஊரில் இது நடக்காது. சேலத்திலிருந்து நேர் மேற்கே கோடு போட்டால் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டி, நேர் கிழக்கே போட்டால் கம்போடியாவின் தலைநகரம் புனோம் பென். ஏறக்குறைய ஒரே அட்சரேகை! இதை நினைத்தாலே எனக்குக் குஷி தாங்காது. மல்லூரில் டீ குடிக்கும்போது கடைக்காரரிடமும் சொன்னேன். "அப்படிங்களா, முப்பது ரூவாங்க" என்றார்.

அன்று மச்சானுக்குப் புதுச்சத்திரத்தில் போர் போடும் வேலை. எங்கள் கொண்டலாம்பட்டி வீட்டிலிருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சம். நாமக்கல் சாலையில் ஆண்டகளூர் கேட் தாண்டி நேராக வர வேண்டும். ஒன்பதரைக்குக் கிளம்பி, டீக்கும் நிறுத்தி, பத்தே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். ஊருக்கு வெளியே ஒரு மரவள்ளிக் காட்டோரம் மச்சானின் ரிக் லாரி நின்றது. துளை போடும் கோபுரத்தை அப்போதுதான் நிமிர்த்திக்கொண்டிருந்தார்கள். "வா சுதா" என்றார். என்னைப் பார்க்கவில்லை. யாழினி ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டாள். "வா சாமி" என்று தூக்கிக்கொண்டார். அந்த மட்டும் நிம்மதி.

அப்புறம்தான் சிக்கல் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு முதல் ஒன்றரை வரை எமகண்டம். அதற்கு முன்பே பூஜை முடிய வேண்டும், எமகண்டத்தில் துளை போட மாட்டார்களாம். தோட்டத்துக்காரர் தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி முடிக்கும்போது பதினொன்றே முக்கால். "வண்டியத் தொடாதீங்கப்பா, ஒன்னரைக்கு மேல பாத்துக்கலாம்" என்று மச்சான் ஆட்களை உட்காரச் சொல்லிவிட்டார். கோபுரத்தையும் மடக்கிவிடுவாரோ என்று பயந்தேன். மடக்கவில்லை. யோசித்துப் பார்த்தால் எமகண்டம்தான் என்னைக் காப்பாற்றியது. துளை போட ஆரம்பித்திருந்தால் கிளம்பும் வெள்ளைப் புழுதியில் சூரியனும் தெரிந்திருக்காது, நிழலும் தெரிந்திருக்காது.

பன்னிரண்டு மணி. இருபத்தைந்து அடிக் கோபுரத்தின் நிழல் மேற்கே ஒன்றரை அடிக்குமேல் கிடந்தது. மச்சான் சுதாவைப் பார்த்து, "மணி பன்னண்டு. நெழல் இல்லாமப் போவும்னு உன்ற ஊட்டுக்காரர் சொன்னாரே, இதென்னவாம்?" என்றார். ஆட்கள் சிரித்தார்கள்.

"இன்னும் பதினாறு நிமிசம் இருங்க மச்சான்" என்றேன். நம் கடிகாரம் வடக்கே மிர்சாப்பூர் பக்கமாகப் போகும் தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுகிறது. நாம் அதற்கு மேற்கே இருப்பதால் சூரியன் நம் உச்சிக்கு வரத் தாமதமாகும் என்று விளக்கினேன். அவர் காதில் போட்டுக்கொண்ட மாதிரியே தெரியவில்லை. ஆட்களில் ஒருவர்தான் பொழுது போக்க, "ஏனுங்க, இங்கயே நேரா ஓட்டை போட்டுட்டே போனா அந்தப் பக்கம் அமெரிக்கா வருமுங்களா?" என்று கேட்டார்.

"வராதுங்க. பெரு நாட்டுக்கு மேற்கே பசிபிக் பெருங்கடல்."

"அப்படீன்னா தண்ணி கேரண்டின்னு சொல்லுங்க!"

மச்சானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டார்.

பன்னிரண்டு பத்துக்கு நிழல் அரை அடிக்குமேல் இருந்தது. அப்புறம் நாலு விரற்கடை, அப்புறம் ஒரே விரற்கடை. எல்லாரும் எழுந்து வந்து நின்றார்கள். பன்னிரண்டு பதினாறுக்குக் கோபுரத்தின் நிழல் அதன் காலடிக்குள்ளேயே போய் ஒடுங்கியது. நட்டு வைத்திருந்த கடப்பாரைக்கு நிழல் இல்லை, தண்ணீர்ப் பாட்டிலுக்கு இல்லை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவ்வளவு சந்தோஷம்! மச்சான் கடப்பாரையைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

யாழினி தன் காலைச் சுற்றிலும் தேடினாள். "மாமா, என்ற நெழல் எங்க?"

அவர் குனிந்து பார்த்தார். "தெரியலையே சாமி. உங்கப்பனையே கேளு."

மூன்று மாதத்தில் என்னை அவர் கேலியில்லாமல் குறிப்பிட்டது அதுதான் முதல் தடவை. சுதா முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கிளம்பும்போது என்னிடம் நேராகவே கேட்டார்: "இன்னைக்கு இல்லீங்க, ஒத்துக்கறேன். நாளைக்கும் இல்லாமப் போனா?" பதில் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள், "நானே பாத்துக்கறேன்" என்று போய்விட்டார். காதுகுத்துப் பேச்சையே எடுக்கவில்லை.

நீங்கள் போவதாக இருந்தால்: இந்த வட்டாரத்துக்கு ஏப்ரல் 20-ஐயும் ஆகஸ்ட் 23-ஐயும் ஒட்டிய நாட்கள். ஊருக்கு ஊர் ஒன்றிரண்டு நாள் மாறும். ஆகஸ்டில் மேகம் காலை வாரலாம், ஏப்ரல்தான் நம்பகமானது. கடிகாரம் பன்னிரண்டு அடித்ததும் ஏமாந்து திரும்பாதீர்கள், பன்னிரண்டேகால் தாண்டும்வரை நில்லுங்கள். ரிக் கோபுரம் கிடைக்காவிட்டால் சமதரையில் ஒரு பைப்பைச் செங்குத்தாக நிறுத்தினால் போதும். நூறு ரூபாய் பெட்ரோலில் வண்டியில் போய்வந்துவிடலாம். குழந்தைக்குத் தொப்பியும், எல்லாருக்கும் நிறையத் தண்ணீரும் கட்டாயம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மச்சானிடமிருந்து ஒரு படமும் குரல் பதிவும் வந்தன. படத்தில் அதே ரிக், வேறு காடு. கோபுரத்தின் காலடியில், தெற்கே ஓர் அடி நீளத்துக்கு நிழல். பதிவை யாழினிதான் அழுத்தினாள்.

"மாப்ள, ஏழு நாளும் நின்னு பாத்துட்டனுங்க. தெனமும் கொஞ்சங் கொஞ்சமா தெக்கால நீண்டுட்டுத்தான் போவுது. நீங்க சொன்னது சரிதானுங்க. அடுத்தது ஆவணி மொத வாரத்துலதான வருது? காதுகுத்தையும் அந்த வாரத்துலயே வெச்சுப்போடலாம். நான் முன்னாடியே வந்து ஒக்காந்துக்கறேன், புள்ளையக் கொண்டாந்து மடியில குடுங்க."