வள்ளம் வரும்வரை

கூட வேலை செய்யும் தோழியின் கல்யாணத்துக்காக நாகர்கோவில் போனபோது அம்மாவையும் அழைத்துப் போயிருந்தேன். சிங்காநல்லூரை விட்டு அம்மா அதிகம் நகர்ந்ததில்லை. ராத்திரி ரயிலுக்கு நேரம் நிறைய இருந்ததால், சாயங்காலம் ஓர் ஆட்டோ பிடித்து இருவரும் முட்டத்துக்குப் போனோம்.

கடலை ஒட்டி உயர்ந்து நிற்கும் பாறைமேல் நடைபாதை போட்டுக் கம்பித் தடுப்பு வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் கீழே மீன்பிடித் துறைமுகம். ஐஸ் வண்டிகளின் இரைச்சலும் டீசல் வாடையும் காற்றோடு மேலே வந்தன. எல்லோரும் சூரியனைப் படமெடுத்துக்கொண்டிருக்க, எங்கள் பக்கத்தில் நின்ற பெண் மட்டும் போனைக் காதில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள்.

அம்மாவால் சும்மா இருக்க முடியவில்லை. "ஏனுங்க அம்மணி, ஆரையாச்சும் தேடறீங்களா?"

"எங்க வீட்டுக்காரர் மீன் பிடிக்கப் போன வள்ளம் காலையிலயே வந்திருக்கணும்மா. இன்னும் வரல்ல. போனும் கிடைக்கல்ல."

அம்மா அவளைக் கைப்பிடித்து பெஞ்சில் உட்கார வைத்தாள். கல்யாண வீட்டுப் பையிலிருந்த லட்டை எடுத்துக் கொடுத்தாள். அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டே கடலைப் பார்த்தாள்.

அம்மா பேச ஆரம்பித்தாள். "எங்க ஊட்டுக்காரரு லாரி ஓட்டுனாருங்க கண்ணு. பம்பாய் போனா எப்ப வருவாருன்னே தெரியாது. அப்பெல்லாம் போனேது? லாரிச் சத்தம் கேட்டாப் போதும், சோத்தை அப்பிடியே உட்டுப்போட்டு வெளிய ஓடுவேன். பாதி நாளு அது வேற லாரியா இருக்கும்."

அப்பா பம்பாயிலிருந்து வாங்கி வந்த அல்வா எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அம்மா இப்படி ஓடியதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

ஆட்டோக்காரர் கூப்பிட்டார். "நேரமாச்சும்மா" என்றேன்.

"இரு சாமி, இந்தப் புள்ளைய இப்பிடியே உட்டுப்போட்டு எப்பிடி வாரது?"

வெளிச்சம் மங்கும் வேளையில் இரண்டு வள்ளங்கள் தெரிந்தன. முன்னால் வந்தது பின்னால் இருந்ததைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. அந்தப் பெண் எழுந்தாள். "பச்சை... எங்க வள்ளம்தான்!" என்று படிகளில் இறங்கி ஓடினாள். மூட்டு வலியைப் பற்றி மூச்சே விடாமல் அம்மாவும் பின்னாலேயே இறங்கினாள்.

நடுக்கடலில் இன்ஜின் நின்றுவிட்டதாம். உடம்பெல்லாம் ஆயிலோடு இறங்கிய கணவனை அவள் கண்டபடி திட்டினாள். அவன் சிரித்துக்கொண்டு நிற்க நிற்க அவளுக்குக் கோபம் ஏறியது. பிறகுதான் அழுதாள். அம்மா அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

நாங்கள் கிளம்பியபோது அவள் ஓடிவந்து, ஐஸில் பொதிந்த இரண்டு பெரிய மீன்களை ஒரு பையில் போட்டு நீட்டினாள். ரயில் பெட்டி முழுக்க வாடை அடிக்குமே என்று நான் தயங்கினேன். அதற்குள் அம்மா வாங்கிக்கொண்டாள்.

ரயிலில் ஐஸ் உருகிச் சொட்டிக்கொண்டே வந்தது. மறுநாள் மத்தியானம் அம்மா குழம்பு வைத்தாள். டிவி பார்த்துக்கொண்டே சாப்பிட்ட அப்பாவின் தட்டருகில் உட்கார்ந்து, ஒவ்வொரு துண்டாக முள் எடுத்துப் போட்டாள்.

"என்ன இன்னைக்கு?" என்றார் அப்பா.

"பேசாம தின்னுங்க" என்றாள்.