சிலுவைப்பாதைப் புத்தகமும் சிவப்புப் பட்டையும்

நான் ஒன்பதாவது படித்த வருடம், தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு இரண்டு வாரம் முன்பு எங்கள் கள்ளிக்குப்பம் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. தொழிற்பேட்டையில் அப்பா வேலை செய்த கம்பெனி, பழையது என்று ஒதுக்கிக் கொடுத்தது. ஆட்டோவில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்த அப்பா, மாதா சுரூபத்துக்கு முன்னால் இறக்கி ஒரு ஜெபம் சொன்ன பிறகுதான் பிளக்கைச் செருகினார். ஆனால் உள்ளே எழுதவோ அடிக்கவோ ஒன்றும் இல்லை. அதற்கான மென்பொருளைக் கொடுத்தவர் மாமா.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. முகப்பேரில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவர், சட்டைப்பையிலிருந்து ஒரு சிடியை எடுத்து, கடிதம் அடிப்பது, கணக்குப் போடுவது எல்லாம் சேர்ந்த ஆபீஸ் மென்பொருளை ஏற்றினார். "கடையில வாங்கினா உங்கப்பனுக்கு ஒரு மாச சம்பளம் பூடும். மாமன் சும்மா தரேன், வெச்சிக்கோ" என்றார். திரையின் மேலே சிவப்பாக ஒரு பட்டை வந்து, இது முறையான பிரதி இல்லை என்று ஆங்கிலத்தில் சொன்னது. மாமா இன்னொரு சிடியைப் போட்டார். பட்டை மறைந்தது. நாங்கள் கைதட்டினோம்.

வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறது என்று தெரிந்ததும், கோயிலில் மறைக்கல்வி சொல்லித்தரும் சிஸ்டர் என்னைக் கூப்பிட்டார். பெரிய வெள்ளிக்குச் சிறுவர்கள் நடத்தும் சிலுவைப்பாதைக்குப் புத்தகம் வேண்டும். ஆண்டவர் சிலுவை சுமந்து போன பாடுகளைச் சொல்லும் பதினான்கு ஸ்தலம், ஸ்தலத்துக்கு ஒரு பக்கம், மேலே படம், கீழே ஜெபம். மறைக்கல்வியில் இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்க, என்னை நம்பிக் கொடுத்தார். அதுவரை யாரும் என்னை நம்பி எதையும் கொடுத்ததில்லை. தவக்காலம் முழுக்க ஒற்றை விரலால் குத்திக் குத்திப் பதினான்கு பக்கமும் அடித்து முடித்தேன்.

குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை எங்களுக்குப் பாவசங்கீர்த்தனம், ஃபாதரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்பு வாங்கும் நாள். ஆன்ம சோதனைக்கு சிஸ்டர் ஒரு தாள் கொடுத்திருந்தார். ஏழாம் கட்டளைக்குக் கீழே, பிறர் பொருளை விலை கொடுக்காமல் எடுத்தாயா என்று ஒரு கேள்வி. மாமா சொன்ன ஒரு மாதச் சம்பளம் ஞாபகத்துக்கு வந்தது. திருடின பொருளில் ஆண்டவருடைய பாடுகளை அடித்திருக்கிறேன்.

ஃபாதருக்கும் எனக்கும் நடுவில் இருந்த கம்பிவலைக்கு முன்னால் மண்டியிட்டு, வழக்கமான பொய், கோபம், தம்பியை அடித்தது எல்லாம் சொல்லிவிட்டு இதையும் சொன்னேன். அந்தப் பக்கத்தில் கொஞ்ச நேரம் பதிலே இல்லை. பிறகு ஒரு செருமல். ஃபாதர் மெதுவாகச் சொன்னார்: "அதை எடுத்துடும்மா. சும்மாவே குடுக்குற மென்பொருள் இருக்காம், விசாரிச்சுப் பாரு." அபராதமாக மூன்று அருள்நிறை மரியே ஜெபம்.

மூன்றையும் சொல்லி முடித்து நேராக அண்ணனூர் ஸ்டேஷன் பக்கம் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போனேன். இலவசமான ஆபீஸ் மென்பொருள் வேண்டும் என்றதும் அங்கிருந்த அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கீது பாப்பா. ஆனா அத்த யாரும் கேக்கறதில்லையே" என்றபடி இன்டர்நெட்டிலிருந்து இறக்கக் கொடுத்தார். காத்திருந்த நேரத்தில் ஜெபமாலையின் துக்க தேவ இரகசியம் ஐந்தும் சொல்லி முடித்தேன். திரையில் இறங்குவதைக் காட்டும் கோடு பாதிக்குத்தான் வந்திருந்தது. இன்னொரு ஜெபமாலை சொன்னேன். பென்டிரைவில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

மாமா கொடுத்ததை நான் அழித்துக்கொண்டிருக்கும்போதே மாமா வந்து நின்றார். விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"ஊரே இத்த தான் வெச்சிகினு கீது. நீ மட்டும் தனியா மோட்சத்துக்குப் போறியா?"

"நீங்களும் வாங்க மாமா."

"இந்த வாய்க்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல. பாத்துக்கினே இரு அக்கா, நாளைக்கு அழுதுகினு எங்கிட்டதான் வரப்போறா."

அம்மாவுக்கு வேறு கவலை. "புஸ்தகம் வரலன்னா சிஸ்டர் மூஞ்சில நான் எப்படிடி முழிப்பேன்?" என்றாள். நான் அழிப்பதை நிறுத்தவில்லை. உள்ளுக்குள் பயம்தான். ஆனால் மன்னிப்பு வாங்கியாகிவிட்டது. வாங்கின பிறகு திரும்ப அதையே போட்டால் அது இரண்டாவது பாவம். அந்தக் கணக்கில் மட்டும் நான் தெளிவாக இருந்தேன்.

மாமா சொன்னது பாதி பலித்தது. புது மென்பொருளில் திறந்ததும் என் பதினான்கு ஸ்தலமும் சிதறிக் கிடந்தன. ஆண்டவர் முகத்தைத் துடைக்கும் வெரோணிக்கம்மாளின் படம் ஒரு பக்கம், ஜெபம் அடுத்த பக்கம். ஆண்டவர் சிலுவையோடு இரண்டாம் முறை விழும் பக்கத்தில் மூன்றாம் முறையும் விழுந்திருந்தார். ஞாயிறும் திங்களும் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாக நிமிர்த்தினேன். கண் எரிந்தது, அழுகை வந்தது. மாமாவிடம் போகவில்லை.

செவ்வாய்க்கிழமை பென்டிரைவோடு கோயில் அலுவலகத்துக்குப் போனேன். அச்சடிப்பது அங்கேதான். ஃபாதர் மேசையில் இருந்தார். பக்கத்தில் கோயில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியார் குருத்தோலைச் சீவல்களைக் கூட்டிக்கொண்டிருந்தார். ஃபாதர் என் புத்தகத்தைத் திறந்தார். மறுபடியும் எல்லாம் சிதறின. பிடிஎஃப் ஆக்கிப் பக்கம் சிதறாமல் அனுப்ப வழி உண்டென்று அன்றைக்கு எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

நான் சிதறலைப் பார்க்கவில்லை. அதற்கு மேலே பார்த்தேன். கோயில் கம்ப்யூட்டரில் அதே சிவப்புப் பட்டை. அதை மறைத்துக் கொடுக்க அவருக்கு ஒரு மாமா இல்லை போலிருக்கிறது.

"இதை எதுல அடிச்சே பாப்பா?" என்று கேட்டார் ஃபாதர்.

மூன்று நாள் முன்பு எடுக்கச் சொன்னவரே இதைக் கேட்கிறாரே என்று எனக்குத் திக்கென்றது. "நீங்கதானே ஃபாதர்..." என்று ஆரம்பித்தேன்.

"எதுல அடிச்சேன்னுதான் கேட்டேன்" என்று வெட்டினார். அப்படி ஒரு குரலில் அவர் யாரிடமும் பேசிக் கேட்டதில்லை.

என் கண் நிறைந்துவிட்டது. என்னை மறந்துவிட்டார், அல்லது உபதேசியாருக்கு முன்னால் தெரியாதவர்போல நடிக்கிறார். இரண்டில் எது என்றாலும் எனக்கு ஆத்திரம். ஆனால் புத்தகம் வந்தாக வேண்டும்.

"சும்மா குடுக்குறதுல அடிச்சேன் ஃபாதர். திருட்டு இல்ல. இந்தப் பென்டிரைவுலயே கீது. இதுலயும் போட்டுட்டா அப்படியே வந்துடும்."

உபதேசியார் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு வந்தார். "ஃபாதர், ஞானஸ்நானம், கல்யாண ஓலை எல்லாம் இதுலதான் கீது. கொயந்த கை வெச்சா அப்பால நாமதான் முழிச்சிகினு நிக்கணும்."

ஃபாதர் சிவப்புப் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நாற்காலியை விட்டு எழுந்தார்.

"பழசை எடுத்துட்டு இதைப் போடும்மா."

போட்டேன். பதினான்கு ஸ்தலமும் நான் நிமிர்த்தி வைத்தபடியே வரிசையாக வந்து விழுந்தன. பெரிய வெள்ளி மதியம் மூன்று மணி வெயிலில் கோயிலைச் சுற்றி எல்லார் கையிலும் என் புத்தகம். சிஸ்டர் என் தலையில் கை வைத்தார். நான் ஃபாதரை நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

ஆனால் உபதேசியார் சொன்னதும் பொய்யாகவில்லை. அதற்குப் பிறகு பல வாரம் கல்யாண ஓலை போடும் கோயில் அறிவிப்புத் தாள் கோணலாகத்தான் வந்தது. வாசலில் நின்று மாமா உரக்கப் படிப்பார். "பொண்ணு பேரு இந்தப் பக்கம், மாப்ள பேரு அந்தப் பக்கம். இந்தக் கல்யாணம் நடக்குமா நடக்காதா, ஒண்ணும் தெரியலையே." எல்லாரும் சிரிப்பார்கள். ஃபாதர் காதிலும் விழும். அவர் பழையதற்குத் திரும்பவில்லை, யாரால் இப்படி ஆனது என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. அப்படியிருந்தும் நான் அவரை மன்னிக்கவில்லை. ஒரு பிள்ளையிடம் சொன்னதை மூன்று நாளில் மறந்த மனிதர் என்றே மனதில் எழுதி வைத்துக்கொண்டேன். அடுத்த வருடம் அவருக்கு வேறு பங்குக் கோயிலுக்கு மாற்றல் வந்தது. வழியனுப்பப் போனவர்களில் நான் இல்லை.

பன்னிரண்டாவதோடு படிப்பை நிறுத்திக் கல்யாணம் நிச்சயமானபோது, திருமணத் தயாரிப்பு வகுப்பில் ஓர் இளம் குருவானவர் பேசினார். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை ஒரு குரு யாரிடமும் சொல்லக் கூடாது. சொன்னவரிடமே கூட வெளியில் அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது, தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவும் கூடாது என்றார். மற்றவர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். எனக்கு, அலுவலகத்தில் ஃபாதர் வெட்டின அந்தக் குரல்தான் காதில் கேட்டது.

இன்று என் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இதே போல அடித்துக் கொண்டுவரச் சொல்கிறார்கள். நானும் அதே இலவச மென்பொருளைத்தான் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அது திறக்கும்போதெல்லாம் கோயில் கம்ப்யூட்டரின் சிவப்புப் பட்டையோடு சேர்த்து அந்தச் சனிக்கிழமை ஞாபகம் வருகிறது. கம்பிவலைக்கு அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லாமல் இருந்ததே, அது. என் பாவத்துக்கு என்ன அபராதம் கொடுக்கலாம் என்று ஃபாதர் யோசிக்கிறார் என்றுதான் முழங்கால் வலிக்க நான் காத்துக்கொண்டிருந்தேன்.