தம்பி எதையும் விட்டுச் சொல்லமாட்டான்

தம்பி ஐந்து வயதுவரை வாயே திறக்கவில்லை. திறந்த அன்று சித்தப்பாவின் பிறந்த தேதியைக் கேட்டு, "அன்னைக்கு புதன்கிழமை" என்றான். ஆட்டிசம் என்று டாக்டர் சொன்னபோது எட்டிப் பார்க்காத உறவெல்லாம் வீட்டில் வந்து குவிந்தது. வகுப்பில் முதலாவதாக வந்திருந்த அக்காவின் ரிப்போர்ட் கார்டில் கையெழுத்துப் போட அம்மா மறந்தே போனாள்.

அக்கா நாக்குத் தள்ள ஓர் அயல்மொழி படித்து, ஆஸ்பத்திரியில் மொழிபெயர்ப்பாளர் ஆனாள். அவள் புத்தகங்களைச் சும்மா புரட்டியே தம்பி அதைப் பிடித்துக்கொண்டான். போதாததற்கு அவள் உச்சரிப்பையும் திருத்துவான். சட்டைப் பொத்தான் மாட்ட மட்டும் அக்கா வேண்டும். அதுவும் விரல் மேலே படாமல் மாட்ட வேண்டும். பட்டால் கத்தி ஊரைக் கூட்டுவான். அக்காவுக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

அம்மா வெளியூர் போயிருந்த அன்று அக்கா அவனை வேலைக்குக் கூட்டிப்போனாள். வராந்தாவில் அவன் அந்த மொழியில் வெளுத்து வாங்குவதைப் பெரிய டாக்டர் கேட்டுவிட்டார்.

"இன்னைக்கு உங்க தம்பியே பேசட்டும்மா, பாப்போம்."

கட்டிலில் கிடந்த, அந்த மொழி மட்டுமே தெரிந்த பெரியவருக்கு மாதக்கணக்காக அவள்தான் வாயும் காதும். டாக்டர் நர்ஸிடம் முணுமுணுப்பதை அவள் விழுங்கிவிடுவாள். நல்லதை மட்டும் சொல்வாள். தம்பிக்கு விழுங்கத் தெரியாது. எச்சரித்திருக்கலாம். மாட்டிக்கொண்டு முழிக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டாள்.

"மருந்த மாத்திப் பாக்கலாம்" என்ற டாக்டர், நர்ஸ் பக்கம் திரும்பி, "மாத்தி என்ன ஆகப்போகுது, கொஞ்ச நாள்தான்" என்றார். தம்பி சுவரைப் பார்த்தபடி இரண்டையும் ஒரே குரலில் சொல்லி முடித்தான்.

 பெரியவர் மெல்ல ஏதோ சொன்னார். தம்பி அதையும் விடவில்லை.

"இப்பவாவது ஒருத்தன் உண்மையச் சொன்னானே. நான் வீட்டுக்குப் போறேன். அதுவரைக்கும் இந்தத் தம்பி வரட்டும். அந்தப் பொண்ணு வேண்டாம்."

அந்தப் பொண்ணு அங்கேயேதான் நின்றிருந்தாள். வேலை போய்விடுமோ என்ற பயம்கூட அப்போது வரவில்லை. பெரியவர் தம்பியின் கையைப் பிடித்திருந்தார். தம்பி கத்தவில்லை, கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை.